இளைக்க வைக்கும் டப்பா நம் கடைக்கு வேண்டாம்



நம் மாவட்டத்துக் கடைவீதிகளில் இப்போது ஒரு புதுச் சரக்கு நடமாடுகிறது. தோளில் பையுடன் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வருகிறார். பையிலிருந்து வண்ண டப்பா ஒன்றை எடுத்துக் கல்லா மேஜைமேல் வைக்கிறார். உள்ளே மாத்திரையோ, பொடியோ, தேயிலைப் பொட்டலமோ இருக்கிறது. "முப்பதே நாளில் பத்துக் கிலோ குறையும். சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், நடக்கவும் வேண்டாம். எல்லாம் மூலிகை" என்கிறார். விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் உறுதி சொல்கிறார். அதில் நிற்கும் லாபமோ அரிசியிலும் பருப்பிலும் நாம் கனவிலும் காணாத லாபம். கடைசியாக நம் வயிற்றைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, முதல் டப்பா உங்களுக்கு இலவசம்" என்று சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. நமக்கு வயிறு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதனால்தான் இந்தச் சரக்கைப் பற்றி நம் இதழில் எழுதுவது கடமை என்று நினைக்கிறோம். இந்த டப்பாவுக்கு நாமே வாடிக்கையாளர்களாகவும் ஆகிறோம், நாமே விற்பனையாளர்களாகவும் ஆகிறோம். இரண்டு வழியிலும் நஷ்டம் நமக்குத்தான்.

முதலில் வயிற்றைப் பற்றிப் பேசுவோம். 1956-ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யார் எவ்வளவு உழைக்கிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், என்ன எடை இருக்கிறார் என்று கணக்கெடுத்தார்கள். மூட்டை சுமப்பவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள்; உடம்பில் சதை இல்லை. மிதமான வேலை செய்தவர்கள் அதற்கேற்பக் குறைவாகச் சாப்பிட்டார்கள். நாள் முழுதும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தவர்களோ, மூட்டை சுமப்பவர்களுக்கு நிகராகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? ஆலையை ஒட்டிக் கடை வைத்திருந்தவர்கள். நம் தொழில்காரர்கள்தான்!

ஆக, உட்கார்ந்தே இருப்பவனுக்குப் பசி குறைந்துவிடுவதில்லை. உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு போதும் என்று சொல்லும் உடம்பின் தராசு சரியாக நிற்பதில்லை என்பதே அந்த ஆய்வு சொன்ன செய்தி. காலை எட்டு மணிக்குக் கல்லாவில் அமர்ந்தால் இரவு பத்து மணிக்கு எழுந்திருக்கிறோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே. வாடிக்கையாளர் வந்தாலும், தரகர் வந்தாலும், லாரி வந்தாலும் டீ வருகிறது. கடை சாத்திய பிறகு வீட்டிலோ பரோட்டாக் கடையிலோ வயிறு நிறையச் சாப்பாடு, உடனே படுக்கை. இதுதான் நம்மில் பலருடைய நாள்.

டீக்கணக்கை மட்டும் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. நாளொன்றுக்கு ஆறு டீ. பன்னிரண்டு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 55 கிராம். வருடத்துக்கு 20 கிலோ. அதாவது நாம் விற்கும் 50 கிலோ சர்க்கரை மூட்டையில் ஐந்தில் இரண்டு பங்கைத் டீயிலேயே குடித்து முடிக்கிறோம். டீயோடு வரும் வடையும் பஜ்ஜியும் இதில் சேரவில்லை. உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு. நாம் டீயிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம்.

இது அழகைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்த நோய் உண்டு. நம்மவர்களுக்கு வயிற்றில் சேரும் கொழுப்புத்தான் அதிகக் கெடுதல் என்பதால், இந்தியர்களுக்கென்று இடுப்பளவு தனியாகவே வகுத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். ஜவுளிக்கடை இன்ச் டேப்பில் சொன்னால் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அல்ல!

அப்படியானால் மாத்திரை சாப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு மாத்திரைகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெடிமருந்துத் தயாரிப்பில் பயன்பட்ட டைநைட்ரோபீனால் என்ற ரசாயனம் உடம்பை இளைக்க வைக்கும் என்று 1930-களில் அமெரிக்காவில் கண்டார்கள். எடை குறைந்தது உண்மை. கூடவே பலருக்குக் கண்புரை வந்து பார்வை போயிற்று. சிலர் உடல் சூடேறி இறந்தே போனார்கள். 1938-இல் அதன் கதை முடிந்தது. பிறகு பென்ஃப்ளூரமின் வந்தது. அதையும் பென்டர்மின் என்ற மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுவது 1990-களில் அமெரிக்காவில் பெரிய மோகமாக இருந்தது. இதய வால்வுகள் பழுதாவது தெரிந்ததும், 1997 செப்டம்பரில் பென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்து ரிமோனபன்ட்; அது மனச்சோர்வைக் கொண்டுவந்தது. 2009-இல் நம் நாட்டில் தடை செய்தார்கள்.

எல்லாவற்றையும் விட நாம் நினைவில் வைக்க வேண்டிய பெயர் சிபுட்ராமின். ஏறக்குறைய 10,000 பேரை வைத்துப் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு வந்தன. இளைப்பதற்காகச் சாப்பிட்டு இதயத்தைக் கெடுத்துக்கொள்வதா என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை நிறுத்தினார்கள். 2011 பிப்ரவரியில் இந்திய அரசும் தடை விதித்தது.

தடை செய்ததோடு அது ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. மூலிகை, இயற்கை என்ற பெயரில் விற்கப்பட்ட மெலிவு மாத்திரைகளைச் சோதித்தபோது, பலவற்றில் இதே சிபுட்ராமின் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பல முறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. லேபிளில் அந்தப் பெயர் இருக்காது. மிளகில் பப்பாளி விதையைக் கலந்தால் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடும் நம்மால், பொடியில் மருந்தைக் கலந்தால் சொல்ல முடியுமா? முடியாது.

நம் உறுப்பினர் ஒருவர் இப்படிப் பெயரில்லாத மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டார். எடை குறைந்தது, எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். பிறகு கை நடுங்கிற்று, இரவில் தூக்கம் போயிற்று, நெஞ்சு படபடத்தது. டாக்டரிடம் போனபோது, "என்ன மாத்திரை?" என்று அவர் கேட்டார். காட்டுவதற்கு ஒரு பெயர்கூட நம்மவரிடம் இல்லை. நிறுத்திவிட்டார். குறைந்த எடை அந்தத் தீபாவளிக்குள் திரும்பி வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறார், அதுவே போதும்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருந்தே கூடாது என்பது நம் வாதம் அல்ல. செமாகுளுடைட், டிர்செபடைட் என்ற புதிய மருந்துகள் 2025-இல் நம் நாட்டிலும் உடல் பருமனுக்கென்று ஊசியாக விற்பனைக்கு வந்தன. இவை டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே தர வேண்டியவை. 2021-இல் வெளியான ஆய்வில், செமாகுளுடைட் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு இழந்தார்கள். பெரிய பலன்தான். ஆனால் அவர்களும் உணவைக் குறைத்து, உடற்பயிற்சியும் செய்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. வட்டிக்கு வாங்கிப் போட்ட முதல் போன்றதுதான் இது. அவசரத்துக்கு உதவும், அது இல்லாவிட்டால் கடையே நின்றுவிடும் நோயாளிகளும் உண்டு. யாருக்கு அது தேவை என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். தோள்பைக்காரர் அல்ல.

பழக்கத்தை மாற்றினால் மட்டும் என்ன நடந்துவிடும் என்பவர்களுக்கு நம் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு அது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். அடுத்த பிரிவுக்கு உணவு மாற்றமும் தினம் அரை மணி நேர வேக நடையும். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு நடை, மாத்திரை இரண்டும். மெட்ஃபார்மின் இளைக்க வைக்கும் மாத்திரை அல்ல. சர்க்கரை நோய்க்கு டாக்டர்கள் நெடுங்காலமாகத் தரும் மாத்திரை. மூன்று வருட முடிவில், முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு, மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு, இரண்டும் செய்தவர்களில் 39 பேருக்கு வந்தது.

கணக்குத் தெரிந்த நாம் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. அதைவிடப் பெரிய செய்தி, நடந்தவர்களுக்கு எடை அப்படியொன்றும் குறையவில்லை என்பது. எடை இறங்காமலே நோய் தள்ளிப்போயிற்று. ஆகவே தராசு முள்ளைப் பார்த்து மனம் தளரக் கூடாது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002-இல் வெளியான இதே போன்ற ஆய்வில், உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைக்கவும், வாரம் 150 நிமிடம் நடக்கவும் பழக்கினார்கள். சர்க்கரை நோய் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரையால் 31 பங்குதான் குறைந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு ஏழு பங்கு என்பது ஐந்தரைக் கிலோ. முப்பது நாளில் பத்துக் கிலோ அல்ல. ஆறு மாதத்தில் ஐந்தரைக் கிலோ. செய்யக்கூடிய காரியம்தானே?

இனி விற்பனைக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தில் நோய்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. அந்த நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது. உடல் பருமன் அந்த அட்டவணையில் இருக்கிறது. நோட்டீஸ், லேபிள், மேலுறை எல்லாமே விளம்பரம் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆங்கில மருந்து என்றால் மருந்து விற்கும் உரிமம் இல்லாமல் மளிகைக் கடையில் வைக்க முடியாது. உணவு என்றால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொய்யான வாக்குறுதி தரும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தோள்பைக்காரர் அடுத்த மாதம் ஊர் மாறிவிடுவார். நம் கடைப் பலகை அதே வீதியில்தான் இருக்கும்.

சட்டத்தை விட்டுத் தள்ளுங்கள். நம்மிடம் வாங்குகிறவர் யார்? மூன்று தலைமுறையாக நம்மிடம் அரிசி வாங்கும் குடும்பத்துப் பெண், கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று கேட்கிறாள். "அண்ணாச்சி கடையில் வாங்கினேன்" என்பதுதான் அவளுக்கு உத்தரவாதம். அந்த ஒரு வார்த்தை நம் முதல். அதை ஒரு டப்பாவுக்காக அடகு வைக்கலாமா?

நம் பழைய சரக்கையும் பொய் சொல்லி விற்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். வரகும் கேழ்வரகும் நல்ல தானியங்கள்தான். ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. சோற்றுக்குப் பதிலாக அளவோடு உண்டால் நல்லது. சோற்றுக்கு மேல் கூடுதலாக உண்டால் எடை கூடத்தான் செய்யும். "சர்க்கரை நோய் குணமாகும்" என்று சிறுதானிய மூட்டைமேல் அட்டை எழுதி வைப்பதும் அந்த டப்பாவைச் சேர்ந்த வேலைதான்.

"கடையை விட்டுவிட்டு எங்கே நடப்பது?" என்பது நம்மில் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. தனி ஒருவர் எட்டு மணிக்குக் கடை சாத்தினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆகவே தனி ஆளாகச் செய்ய முடியாததைச் சங்கமாகச் செய்ய வேண்டும். பழக்கத்தை ஊரோடு மாற்றிக் காட்டியது நம் புதுக்கோட்டை மாவட்டம்தான் என்பதை மறந்துவிட்டோமா? 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். முதலில் கேலி செய்தவர்கள் பிறகு வாய் மூடினார்கள். பெண்கள் சைக்கிள் இருப்புத் தீர்ந்து, ஆண்கள் சைக்கிளையே வாங்கிப் போனார்கள் என்பது சைக்கிள் வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெண் மட்டும் ஓட்டியிருந்தால் கேலியிலேயே நின்றிருப்பாள். ஊரே ஓட்டியதால் அது வழக்கமாயிற்று.

அதே வழியில் சில யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம். ஒன்று, மெலிவு மாத்திரை, பொடி, தேயிலை எதையும் நம் சங்கக் கடைகளில் கொள்முதல் செய்வதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுவோம். இரண்டு, வீதிவாரியாகப் பேசி இரவு ஒன்பது மணிக்குக் கடை சாத்துவதையும், வாரம் ஒரு நாள் முழு விடுமுறையையும் எல்லோரும் ஒன்றாகக் கடைப்பிடிப்போம். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குள் முடிந்தாலே பாதி வெற்றி. மூன்று, காலை ஐந்தரைக்குப் புதுக்குளம் பக்கம் கூடி அரை மணி நேரம் நடப்போம். அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி நண்பர்கள் அவரவர் ஊரில் இடம் பார்த்துக்கொள்ளட்டும். சந்தை நிலவரம் பேசிக்கொண்டே நடக்கலாம், நேரம் வீணாகாது. நான்கு, அடுத்த ஆண்டு விழாவில் இடுப்பளவும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம் ஒன்றை வைப்போம்.

கடைக்குள்ளேயே செய்யக்கூடியதும் உண்டு. 2021-இல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுதும் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஊழியர் கால் வலிக்க நிற்கிறார்; நாம் வயிறு கனக்க உட்கார்ந்திருக்கிறோம். மணிக்கு ஒரு முறை நாம் எழுந்து சரக்கு எடுத்துக் கொடுத்து, அவரைச் சற்று உட்கார வைத்தால் இருவருக்கும் நல்லது. வங்கிக்கும் பக்கத்துத் தெருவுக்கும் வண்டியை எடுக்காமல் நடப்போம். ஆறு டீயை இரண்டாக்குவோம், சர்க்கரையைப் பாதியாக்குவோம். வடைக்குப் பதில் நம் கடைப் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் சுண்டலாகட்டும். ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இளைக்கிறேன் என்று வேளைச் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது.

முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்ற கருத்தை, மருந்து என்ற அதிகாரத்திலேயே வைத்தார் திருவள்ளுவர். நம் கடைச் சுவரில் அவர் படம் இருக்கிறது. அதன் கீழே அந்த டப்பாவை அடுக்கி வைக்க வேண்டாம்.

தோள்பைக்காரர் நாளையும் வருவார். அவரும் பிழைப்புக்காக அலைகிறவர்தான், கடுஞ்சொல் வேண்டாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, இந்தச் சரக்கு எங்கள் சங்கத்தில் எடுப்பதில்லை" என்று சொல்லி அனுப்பி வைப்போம். பிறகு எழுந்து, கடைவீதியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவோம்.